வெள்ளக்கடை வீட்டுக்குப் பத்தடி வழி

2024 நவம்பர் 19

இன்றும் என் கட்டில் நகர்ந்திருக்கிறது. காலையில் ஜன்னலோரம் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் உள்சுவரோரம் கிடக்கிறது. ஜன்னலோரத்தில் எட்டு மூட்டை மிளகு. போன வருஷத்து மிளகு, விலை ஏறட்டும் என்று அண்ணன் வைத்திருப்பது.

"காத்தோட்டமா இருக்கோணுமில்ல செல்வி, இல்லாட்டிப் பூஞ்சணம் புடிச்சுக்கும்" என்றார் சாந்தாமேரி அண்ணி. எனக்குப் பூஞ்சணம் பிடித்தால் துடைத்துக்கொள்ளலாம் போல.

நாற்பத்து மூன்று வயது. கல்யாணம் இல்லை. மிஷன் பள்ளிக்கூட ஆபீஸில் பத்தொன்பது வருடம். ஏற்காட்டில் பாதிப்பேருடைய டி.சி. நான் எழுதியது. எனக்கென்று இருப்பது ஒரு பீரோ, ஒரு கட்டில், ஒரு மாதா சுரூபம். மாதாவையும் நகர்த்தியிருக்கிறார்கள்.

ஒரு வீடு வாங்கப்போகிறேன். எழுதிவிட்டேன். எழுதினால் செய்துதானே ஆகவேண்டும்? (போன வருடம் உடம்பைக் குறைக்கப்போவதாகவும் எழுதியிருந்தேன்.)

2024 நவம்பர் 24

வெள்ளக்கடையில் வீடு பார்த்தேன். விற்கிறவன் ஜீவானந்தம். எங்கள் பள்ளியில் படித்தவன், ஒன்பதாம் வகுப்பை மட்டும் இரண்டு தடவை. இப்போது ஓசூரில் பெரிய வேலை. அவன் அப்பா போன வருடம் காலமானதிலிருந்து வீடு பூட்டிக் கிடக்கிறது.

இரண்டு அறை, ஒரு சமையலறை, ஓட்டுக்கூரை. நான்கு இடத்தில் வானம் தெரிகிறது. பின்னால் வற்றாத கிணறு, அதைச் சுற்றி ஆள் உயரத்துக்கு முள்கம்பி. ரோட்டிலிருந்து நூறடி தூரம் பக்கத்துக் காப்பித் தோட்டம் வழியாக ஒற்றையடிப் பாதை.

உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். சும்மா நின்றேன். யாரும் மூட்டை தூக்கிக்கொண்டு வரவில்லை.

ஐந்து நிமிடம் கழித்து வெளியிலிருந்து ஜீவானந்தம், "அக்கா, உள்ள என்ன பண்றீங்க?" என்றான். குரலில் பயம்.

"தாழ்ப்பாள் வேலை செய்யுதான்னு பாக்கறேன்."

செய்கிறது.

2024 டிசம்பர் 2

வங்கிக்குப் போனேன். வீட்டுக்கடன் மேசையில் கவிப்பிரியா என்று ஒரு பெண், இருபத்தாறு இருபத்தேழு வயது இருக்கும். முகத்தில் இன்னும் பரீட்சைக் களை.

"சார் வரலீங்களா மேடம்?"

"எந்த சார்?"

அப்புறம் அவள் சாரைப் பற்றிக் கேட்கவில்லை. பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரம், முப்பது வருடத்து மூலப் பத்திரங்கள் என்று ஒரு பட்டியல் கொடுத்தாள். என் ஞானஸ்நானச் சான்றிதழைத்தான் கேட்கவில்லை.

2024 டிசம்பர் 9

"உங்க சிபில் ஸ்கோர் மைனஸ் ஒன்னு வருது மேடம்" என்றாள் கவிப்பிரியா. கடன் வாங்கினவர்கள் ஒழுங்காகக் கட்டுகிறார்களா என்று போடும் மார்க்காம்.

"பூஜ்யத்துக்கும் கீழயா? அப்படி என்னங்க பண்ணிப்போட்டேன்?"

"ஒன்னும் பண்ணல மேடம். அதான் பிரச்சனை. நீங்க இதுவரைக்கும் கடனே வாங்கினதில்ல."

நாற்பத்து மூன்று வருடம் ஒருவரிடமும் கைநீட்டாமல் இருந்ததற்கு மைனஸ் ஒன்று. பத்துக் கட்டளை சொல்லிக்கொடுத்த சிஸ்டர்கள் இதை யாரும் சொல்லவில்லை.

உள்ளே கண்ணாடி அறையிலிருந்து மேனேஜர் எட்டிப் பார்த்தார். "ஃபேமிலில ஒரு ஜென்ட்ஸ் யாராவது கோ-அப்ளிகண்ட்டா சேர்ந்துட்டா ஈஸியா முடிஞ்சிரும்மா."

2024 டிசம்பர் 12

அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன். பெரியநாயகம் என்ற பேருக்கு ஏற்ற மீசை. மேனேஜர் எழுந்து நின்று கை கொடுத்தார். அண்ணனுக்கு.

"தங்கச்சி என்ன சம்பளம் வாங்கறாங்க சார்?"

"பதினஞ்சுங்க" என்றார் அண்ணன், ஒரு கண்சிமிட்டல்கூட இல்லாமல்.

இருபத்தெட்டு. பதினைந்து என்பது பத்து வருடத்துக்கு முந்தி. அதற்கப்புறம் அவர் கேட்கவே இல்லை போலிருக்கிறது.

"நான் இங்கதான் உக்காந்திருக்கறனுங்க" என்றேன்.

மேனேஜர் என் பக்கம் திரும்பி, "ஒரு நிமிஷம்மா" என்றார். அந்த ஒரு நிமிடம் முக்கால் மணி நேரம் நீடித்தது. மிளகு விலை பேசினார்கள். கவிப்பிரியா தன் மேசையிலிருந்து என்னைப் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டருக்குள் ஒளிந்துகொண்டாள்.

2024 டிசம்பர் 15

எதிர்பார்த்தது வந்தது. பூசை முடிந்து வந்து இட்லி சாப்பிடும்போது.

"கையெழுத்துப் போடறதுல ஒன்னுமில்ல கண்ணு. ஆனா பத்தரத்துல என்ற பேரும் சேந்திருக்கட்டும். நாளைக்கு உனக்கு ஒன்னுன்னா?"

"ஒன்னுன்னா என்ன ஒன்னு?"

"ஒன்னுன்னா ஒன்னுதான்."

அண்ணி சட்னிக் கரண்டியோடு வந்தார். "உனக்குப் பின்னாடி ஆரு இருக்கறா, சொல்லு பாக்கலாம்."

திரும்பிப் பார்த்தேன். என் அறைக் கதவு வழியாக மிளகு மூட்டைதான் தெரிந்தது.

அப்பா செத்த முப்பதாம் நாள், பூசை முடிந்த கையோடு, இதே மேசையில் ஒரு காகிதத்தை நீட்டி "கண்ணு, ஒரு கையெழுத்து" என்றார் அண்ணன். போட்டேன். அதன் பேர் விடுதலைப் பத்திரம் என்று பிற்பாடுதான் தெரிந்தது. அப்பா வீட்டில் எனக்கிருந்த பங்கிலிருந்து எனக்கு விடுதலை. பேர் வைத்தவன் குசும்புக்காரன். எல்.கே.ஜி. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழைக்கூட இரண்டு முறை படித்துப் பார்க்கிறவள், அதைப் படிக்கவில்லை. ஏன் படிக்கவில்லை? அண்ணன்தானே என்று. அவ்வளவுதான். அவர் ஏமாற்றினார் என்றுகூடச் சொல்லமாட்டேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை, அவருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

"என் பேர் மட்டுந்தான் இருக்கும்ணா" என்றேன்.

"அப்ப உன்ற பாடு, பேங்க் பாடு."

இட்லி நன்றாக இருந்தது. நான்கு சாப்பிட்டேன்.

2024 டிசம்பர் 25

கிறிஸ்து பிறந்தார். அண்ணன் என்னோடு பேசுவதில்லை. இரண்டும் நல்ல செய்திதான்.

2025 ஜனவரி 6

கவிப்பிரியா போன் செய்தாள். குரலை ஒடுக்கிக்கொண்டு பேசினாள். என் சம்பளம் பத்தொன்பது வருடமாக அவர்கள் வங்கியில்தான் விழுகிறது. மாதத் தவணையைப் பிடித்து அனுப்புவதாகப் பள்ளிக்கூடம் ஒரு கடிதம் கொடுத்துவிட்டால், கோ-அப்ளிகண்ட் வேண்டாமாம். விதியிலேயே இருக்கிறதாம்.

"இது மேனேஜருக்குத் தெரியாதா?"

"தெரியும் மேடம். ஆனா ஜென்ட்ஸ் இருந்தா…" என்று இழுத்தாள். அவள்மேல் கோபப்பட்டு என்ன செய்ய.

தாளாளர் ஃபாதரிடம் போனேன். "தனியா ஒரு ஊடு எதுக்கு செல்வி? சிஸ்டருங்க மடத்துல ஒரு ரூம் கேட்டுப் பாக்கட்டுமா?"

"அவங்க காலைல நாலரைக்கே எழுப்பி உட்ருவாங்க ஃபாதர்."

சிரித்துவிட்டார். சிரித்தால் கையெழுத்து நிச்சயம் என்பது பத்தொன்பது வருட அனுபவம். கடிதத்தை நானே டைப் அடித்தேன். 'நேர்மையானவர், கடமை தவறாதவர், அமைதியானவர்' என்று என்னைப் பற்றி எழுதி நீட்டினேன். படித்துவிட்டு 'அமைதியானவர்' என்பதை மட்டும் அடித்துக் கையெழுத்துப் போட்டார்.

2025 ஜனவரி 22

வீட்டை மதிப்பிட வங்கி அனுப்பிய இன்ஜினியர் செல்லப்பன் சேலத்திலிருந்து வந்தார். பளபளவென்று ஷூ. பாதையில் பாதி தூரம் போவதற்குள் காப்பிச் செடிகளை விலக்கிக்கொண்டு ஒரு காட்டெருமை வந்து நின்றது.

"மேடம், இது… மாடுதானே?"

"மாட்டுக்குப் பெரியப்பா மாதிரிங்க. அசையாம நில்லுங்க."

என் முதுகுக்குப் பின்னால் போய் அசையாமல் நின்றார். எனக்கு முன்னால் நிற்கத்தான் ஒரு ஜென்ட்ஸ் கிடைக்கவில்லை. எருமை எங்களைப் பார்த்தது, சலித்துப்போய், மெல்ல நடந்து ஜீவானந்தம் வீட்டு வாசலில் போய் மேய்ந்தது. செல்லப்பன் இருந்த இடத்திலிருந்தே நான்கு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

2025 ஜனவரி 29

கவிப்பிரியா: "மேடம், வேல்யுவேஷன் ஃபோட்டோல வீட்டு வாசல்ல ஒன்னு நிக்குதே, அது யாரோடது?"

"அரசாங்கத்தோடதுங்க."

2025 பிப்ரவரி 11

இடி.

வங்கி வக்கீலின் கருத்து வந்துவிட்டது. வீட்டுப் பத்திரம் சுத்தம். ஆனால் ரோட்டிலிருந்து வீட்டுக்குப் போகும் பாதை பக்கத்துத் தோட்டக்காரரின் பட்டா நிலம். அதில் நடக்க இந்த வீட்டுக்கு எழுத்துமூலமான உரிமை எதுவும் இல்லை. பத்தடி அகலத்தில் வழி உரிமை எழுதிப் பதிவு செய்தால்தான் கடன். இல்லாவிட்டால் இல்லை.

அப்படியானால் ஜீவானந்தத்தின் அப்பா நாற்பது வருடம் ஹெலிகாப்டரிலா வந்து போனார்?

மதியச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டேன். கழிப்பறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன். பிள்ளைகள் வந்துவிட்டதால் முழுதாக முடிக்கவில்லை.

2025 பிப்ரவரி 16

தோட்டக்காரர் பொன்னுவேல். காலங்காலமாக மலையில் இருக்கிற குடும்பம். காப்பி, கொஞ்சம் ஆரஞ்சு, கொஞ்சம் ராகி. சில்வர் ஓக் மரத்தடியில் போனில் பாட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க டீச்சர்."

"நான் டீச்சர் இல்லீங்கண்ணா. ஆபீஸ்ல இருக்கறேன்."

"சேரிங்க டீச்சர்."

விஷயத்தைச் சொன்னேன். "வழிதானுங்க? ஆரு மறிச்சா? தாராளமா நடங்க" என்றார். எழுதிக் கொடுக்கவேண்டும் என்றதும் பாட்டை நிறுத்தினார். "காயிதம்னா… பாக்கலாமுங்க."

தள்ளி அவர் மனைவி செடிக்கடியில் சருகு வாரிக்கொண்டிருந்தார். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

2025 மார்ச் 2

பஜாரில் முந்திரிக் கேக் வாங்கிக்கொண்டு போனேன். பாக்கலாமுங்க.

2025 மார்ச் 16

கேக். "அண்ணா, உங்க மாதிரிப் பெரிய மனசு ஆருக்கு வரும்" என்றெல்லாம் பேசினேன். எனக்கே கூசியது. அவருக்குக் கூசவில்லை. பாக்கலாமுங்க.

2025 ஏப்ரல் 20

ஆண்டவர் உயிர்த்தெழுந்தார். பொன்னுவேலண்ணன் எழுந்திருக்கவில்லை. "சேர்வராயன் கோயில் திருவிழா முடியட்டுமுங்க டீச்சர்."

ராத்திரி ஜீவானந்தம் போன். பெங்களூர்க்காரர் ஒருவர் காட்டேஜ் கட்ட இடம் கேட்கிறாராம், முழுத் தொகையும் உடனே தருகிறாராம். "உங்களுக்காகத்தான் நிறுத்தி வச்சிருக்கேன் அக்கா. ஜூன் கடைசி வரைக்கும் பாக்கறேன். அதுக்கு மேல என்னால முடியாது." அவனைக் குறை சொல்ல முடியாது. ஒன்பதாம் வகுப்பிலும் இரண்டு வருடம் பொறுத்தவன்தான்.

2025 மே 18

திருவிழா முடிந்தது. நானும் மலை உச்சிக்குப் போனேன். குகைக்குள் குனிந்து போய்க் கும்பிட்டேன். அந்தோணியார் கோபித்துக்கொள்ளமாட்டார், அவரிடம் ஜனவரியிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன், அவருக்கும் ஓய்வு வேண்டாமா.

இறங்கும் வழியில் பொன்னுவேலண்ணன் புதுச்சட்டையில் எதிர்ப்பட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கூட்டத்துக்குள் புகுந்துவிட்டார். ஓடினார் என்றே சொல்லலாம்.

ஏன் ஓடவேண்டும்?

2025 மே 20

கவிப்பிரியாவிடம் போய், வேறு வழி ஏதும் உண்டா என்று கேட்டேன். வக்கீல் காகிதத்திலிருந்த சர்வே எண்ணைப் போட்டுப் பட்டாவைத் திறந்தாள்.

"யாரைப் பாத்துட்டு இருக்கீங்க மேடம்?"

"பொன்னுவேல்."

"பட்டா அவர் பேர்ல இல்லையே." திரையை என் பக்கம் திருப்பினாள். "குப்பாயின்னு இருக்கு. கணவர் பேர் பொன்னுவேல்."

குப்பாயி. சருகு வாரிக்கொண்டிருந்தவர்.

மூன்று மாதம். ஐந்து கேக். எத்தனை 'அண்ணா'.

2025 மே 25

போகாமல் இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். போனேன். கேக் இல்லாமல்.

குப்பாயக்கா களை கொத்திக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி, நிமிர்ந்த கழுத்து. "அண்ணன் இல்லீங்களா" என்று பழக்கதோஷத்தில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"உங்களத்தானுங்க்கா பாக்க வந்தேன்."

"என்னயவா?" கொத்து நிற்கவில்லை. "மூணு மாசமா எங்கூட்டுக்காரரத்தான பாத்துட்டு இருந்தீங்க. கேக்கு வாசமா இருந்துச்சு. எனக்கு முந்திரி ஒத்துக்காது."

"நெலம் உங்க பேர்ல இருக்கறது எனக்குத் தெரியாதுங்க்கா."

"கேட்டிருந்தாச் சொல்லியிருப்பனே. எங்கப்பன் எனக்கு எழுதிக் குடுத்த காடு. அவரு எங்கூட்டுக்கு வந்த மாப்பளை."

"அண்ணன் ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

"படிச்ச டீச்சரு வந்து அண்ணா அண்ணான்னு நிக்கறப்ப, இது எம் பொண்டாட்டி காடுன்னு வாய் வருமா? பாவம், நொம்ப அவஸ்தப்பட்டாரு. திருவிழால உங்களப் பாத்து ஓடியாந்து ஊட்டுல ஒளிஞ்சுக்கிட்டாரு."

சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம்தான் உறைத்தது. என்னை உட்காரவைத்துவிட்டு அண்ணனோடு மிளகு விலை பேசிய அந்த மேனேஜரை ஐந்து மாதமாகக் கரித்துக்கொட்டிக்கொண்டிருக்கிறேன். நான் செய்தது என்ன? இந்த அம்மாள் பத்தடி தள்ளி நின்றபோதெல்லாம் தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறேன். மேனேஜராவது 'ஒரு நிமிஷம்மா' என்றார்.

"தப்புத்தானுங்க்கா" என்றேன்.

கொத்தைக் கீழே வைத்தார். கை நீட்டி முள்கம்பிக் கிணற்றைக் காட்டினார்.

"அதுல நாங்களுந்தான் தண்ணி எடுத்துட்டிருந்தோம். ஜீவானந்தம் அப்பா ஒரு நா கம்பி கட்டிப்போட்டாரு. பன்னெண்டு வருசமாச்சு. கோடைல கீழ ஓடைக்குப் போய்த் தூக்கியாறேன். அவரு மட்டும் எங்காட்டு வழியாத்தான் போனாரு, வந்தாரு. நான் மறிக்கல. செத்தன்னிக்குப் பொணமும் இது வழியாத்தான் போச்சு. மறிக்கல."

கம்பியைப் பார்த்தேன். துருவேறியிருந்தது.

"உங்களுக்கு வழி, எனக்குத் தண்ணி. ரெண்டும் ஒரே காயிதத்துல இருக்கோணும். அத நீங்கதான் எனக்கு ஒரு வரி உடாமப் படிச்சுக் காட்டோணும். எங்கூட்டுக்காரரு வேண்டாம், வக்கீலு வேண்டாம்."

"என்னய நம்பறீங்களாக்கா?"

"அது படிக்கறப்பத் தெரிஞ்சுரும். எந்த வரியில வேகமாப் போறீங்கன்னு பாப்பனில்ல."

2025 ஜூன் 1

ஜீவானந்தம் பத்திரம் எழுதுகிறவரிடம் தயார் செய்து அனுப்பிய வரைவை எடுத்துக்கொண்டு போனேன். குப்பாயக்கா முகம் கழுவி, நல்ல சேலை கட்டி உட்கார்ந்திருந்தார். பொன்னுவேலண்ணன் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், ஆட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

படித்தேன். ஒவ்வொரு வரியாக. 'வாகனங்கள் சென்றுவர' என்ற இடத்தில் நிறுத்தினார். "என்ன வாகனம்? லாரி வந்தா என்ற மரம் போயிரும். ஜீப்போட நிக்கட்டும்." எழுதிக்கொண்டேன்.

மூன்றாம் பக்கத்தில் கிணறு வந்தது. 'வீட்டின் உரிமையாளர் அனுமதியின் பேரில் தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம்.' அனுமதியின் பேரில். ஜீவானந்தம் சேர்த்தானா, எழுதியவர் கையரிப்பா, தெரியாது. ஆனால் அடுத்த உரிமையாளர் யார்? நான். என் கிணறு, என் அனுமதி. கெட்ட வரி என்றும் சொல்ல முடியாது. நாளைக்கு ஒரு சண்டை வந்தால் உதவும்.

ஒரு நொடி வேகமாகப் போய்விடலாமா என்று தோன்றியது. எழுதி வைக்கிறேன். பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் சொல்வதைவிட இந்த நோட்டில் எழுதுவது பரவாயில்லை. இது திருப்பி ஒன்றும் கேட்காது.

மெதுவாகப் படித்தேன். மற்ற வரிகளைவிட மெதுவாக.

"அனுமதின்னா ஆருது?"

"என்னுதுங்க்கா."

"அப்ப ஒவ்வொரு கொடத்துக்கும் உங்களக் கேக்கோணும்."

"வேண்டாமுங்க்கா. வெட்டிரலாம்." பேனாவால் அடித்தேன். அடித்த இடத்தைக் காட்டினேன்.

அவர் அந்தக் கோட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "டீ ஆறுது, குடி கண்ணு" என்றார்.

வரும்போது பாதையில் உட்கார்ந்து, பிப்ரவரியில் பாதியில் விட்ட அழுகையை முடித்தேன். எதற்கென்று கேட்டால் தெரியாது. எனக்கு யாராவது அப்பாவின் முப்பதாம் நாளன்று ஒரு வரி படித்துக் காட்டியிருந்தால் — போகட்டும்.

2025 ஜூன் 6

சார்பதிவாளர் அலுவலகம், வழிப் பத்திரம் பதிய. சர்வர் இல்லை, அப்புறம் கரண்ட் இல்லை, அப்புறம் சாப்பாட்டு நேரம். மூன்றரைக்குக் கூப்பிட்டார்கள். எழுத்தர் பொன்னுவேலண்ணனைப் பார்த்து, "ஐயா, வந்து இங்க கைரேகை வைங்க" என்றார்.

"நான் சாட்சிக்கு வந்தனுங்க" என்றார் பொன்னுவேலண்ணன், இடம் விட்டு நகர்ந்து. "ஓனரு அவங்க."

குப்பாயக்கா ரேகை வைத்துவிட்டு, கையெழுத்தும் போடுவேன் என்று கேட்டு வாங்கிப் போட்டார். நான்கு எழுத்துக்கு அவ்வளவு நேரம் ஆனது. பின்னால் நின்ற கூட்டம் முணுமுணுத்தது. யாருக்கும் அவசரமில்லை என்பதுபோல நான் முதுகைக் காட்டி நின்றுகொண்டேன்.

2025 ஜூன் 8

ஜீவானந்தம் கட்டிங் பிளையரோடு வந்து கம்பியை அவனே வெட்டினான். கையைக் கிழித்துக்கொண்டான். "அப்பா ஏன் இப்படிப் பண்ணாரோ தெரியலீங்க்கா" என்று குப்பாயக்காவிடம் சொன்னான். அவர் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டார்.

2025 ஜூன் 24

கடன் கிடைத்துவிட்டது. கேட்டதைவிடக் குறைத்து. மதிப்பீடு அவ்வளவுதான் வந்ததாம். (எருமையையும் சேர்த்து மதிப்பிட்டிருக்கலாம்.) கூரை மாற்ற வைத்திருந்தது கிரயத்துக்குப் போய்விடும். ஆக, வீடு என்னுடையது. மழை எல்லாருக்கும் பொது.

பதினேழு வருடத் தவணை, அறுபது வயதுவரை. எனக்கும் ஒரு நீண்டகால உறவு அமைந்துவிட்டது.

கையெழுத்துப் போட நாற்பத்தியொரு இடம். நாற்பத்தியொன்றையும் படித்தேன். மேனேஜர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு நிமிஷம் சார்" என்றேன். கவிப்பிரியா மேசைக்கடியில் எதையோ தேடப்போய் வெகுநேரம் நிமிரவில்லை.

2025 ஜூன் 27

கிரயப் பத்திரம் பதிவு. சாவி கையில்.

2025 ஜூலை 13

குடிவந்தேன். கிளம்பும்போது அண்ணன் தோட்டத்துக்குப் போயிருந்தார். போவதற்கு அன்றைக்குப் பார்த்து வேலை இருந்திருக்கும். அண்ணி அரிசி, பருப்பு, ஒரு டப்பா எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தார். "அந்தக் காட்டுல போய்த் தனியா…" என்று ஆரம்பித்து, முடிக்காமல் என் தலையைத் தடவினார்.

மழை. ஒழுகும் இடம் நான்கு என்று நினைத்திருந்தேன். ஏழு. பாத்திரம் போதாமல் இரண்டு சாப்பாட்டுத் தட்டையும் வைத்தேன். விடியும்வரை ஏழு சுரத்தில் கச்சேரி. ஒரு கண் தூங்கவில்லை. இவ்வளவு சந்தோஷமாக நான் தூங்காமல் இருந்ததில்லை.

2025 ஆகஸ்ட் 5

முதல் தவணை போயிற்று. சிபிலில் இனி நானும் ஒரு மனுஷி.

2025 அக்டோபர் 12

ஞாயிறு. பூசைக்குப் போய்விட்டு வந்து பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ரோட்டில் பைக் வந்து நின்ற சத்தம். தோட்டத்துக்குள்ளிருந்து குப்பாயக்கா குரல்.

"ஏனுங்க, ஆரூட்டுக்குங்க?"

எஞ்சின் அணைந்தது.

"லூர்துசெல்வி ஊட்டுக்குங்க."

அண்ணன். கையில் ஈரத்துணியோடு அப்படியே நின்றுவிட்டேன். பத்து மாதமாக என்னோடு பேசாத குரல். என் பேரை அவர் முழுசாகச் சொல்லி நான் எப்போதும் கேட்டதில்லை.

"நீங்க ஆருங்க?"

"அவங்க அண்ணனுங்க."

"கண்ணு! உங்க அண்ணன்னு ஒருத்தரு வந்திருக்கறாரு. உடட்டுமா?"

கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டேன். இந்தச் சுகம் தினமும் கிடைக்காது.

"உடுங்க்கா."

பத்திரத்தில் ஜீப்வரை வரலாம் என்றிருக்கிறது, ஓட்டியே வந்திருக்கலாம். அவருக்குத் தெரியாது; பைக்கைத் தள்ளிக்கொண்டே வந்தார். மீசையில் பாதி நரைத்திருந்தது. பையில் ஒரு சீப்பு மலைவாழைப்பழம், அண்ணி கொடுத்த ரஸ்க். கூரையைப் பார்த்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, நிலைக்கு வெளியே நின்றுகொண்டு, "உள்ள வரலாமா கண்ணு?" என்றார்.

"வாங்கண்ணா" என்றேன்.

காபிக்குப் பால் பத்தவில்லை. குப்பாயக்கா வீட்டில் ஒரு டம்ளர் கடன் வாங்கி வந்தேன்.